‘ஆச்சுங்க’ என்று நான் சொன்ன நாள்

கண்ணு,

போனில் கூப்பிட்டால் இரண்டாவது நிமிடமே "ஃபாரின் பையர் வந்திருக்காரும்மா, அப்பறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. நேரில் பிடித்து உட்கார வைத்தால், பேச்சு எங்கே போகிறது என்று மோப்பம் பிடித்து, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாய். எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கெஞ்சி அனுப்பினால் "ஓகே மா" என்று பதில் வருகிறது. நான் கேட்டது கேள்வி. கேள்விக்கு எவனாவது ஓகே என்று பதில் சொல்வானா? அதனால்தான் எழுதுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், எழுத வரும் எனக்கு. கல்யாண அழைப்பிதழ்க் கட்டுக்குள் வைத்து உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டுப் படித்தேன் என்று சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வியாழக்கிழமை முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோம் அல்லவா, நீ வழக்கம்போல ஷிப்மென்ட் என்று வராமல் இருந்துவிட்டாய். மேகலாவும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா பார்டரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மேகலா என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். நல்ல பெண்டா அது. எதையும் மனதில் வைத்துக்கொண்டு சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியவில்லை. "ஏனுங்க அத்தை, அவருக்குச் சின்ன வயசுல அப்பெண்டிக்ஸ் ஆபரேசன் ஆச்சுங்களாமா? அதனாலதான் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கறதில்லைன்னு சொன்னாருங்க. நான் எங்க லேப்ல டாக்டரைக் கேட்டேனுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையேம்மான்னு சொல்றாருங்க" என்றாள்.

நான் கையில் இருந்த புடவைத் தலைப்பைக் கீழே வைத்தேன். ஆறு வாரத்துக்கு முன்னால், நிச்சயம் முடிந்த மறுநாள், நான் உன்னைக் கேட்டேன். மேகலாவிடம் சொல்லிட்டியா என்று கேட்டேன். நீ ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "சொல்லியாச்சும்மா. அவ ஒண்ணும் பெருசா எடுத்துக்கலை" என்றாய். அன்று எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினேன். நீ சொல்லியாச்சு என்று சொன்னது இந்த அப்பெண்டிக்ஸைத்தானா?

அட அறிவுகெட்டவனே, பொய் சொல்வதென்று முடிவு பண்ணினால் அதையாவது ஒழுங்காகச் சொல்லக் கூடாதா? அப்பெண்டிக்ஸ் வலப்பக்கம். உன் தழும்பு இடப்பக்கம். நீ கட்டிக்கொள்ளப் போவது யாரை? லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு அவிநாசியில் தினமும் ஐம்பது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற பெண்ணை. அவளுக்கு வலமும் இடமும் தெரியாதா? கல்யாணம் ஆகி எத்தனை நாளைக்குப் பனியனைக் கழற்றாமல் இருக்கப் போகிறாய்? மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டும் சீரே வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சண்டை போட்டாயாமே. "அவனுக்கு வெக்கமாட்டம் இருக்குது, உட்டுரு" என்று அவர் எனக்குச் சமாதானம் சொல்கிறார். பனியன் ஊரில் பிறந்துவிட்டோம் என்பதற்காக ஆயுசு முழுக்கப் பனியனுக்குள்ளேயே இருந்துவிடலாம் என்று நினைத்தாயா?

சரி. உன்னை இன்னும் திட்டுவதற்கு முன்னால் நான் என்ன பண்ணினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேகலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. எதிரில் கடைக்காரப் பெண். நான் சிரித்துக்கொண்டே, "ஆமா கண்ணு, அதெல்லாம் சின்ன வயசுலயே ஆச்சு" என்றேன். சொன்ன வாய் மூடும் முன்பே அது என் காதில் விழுந்தது. அதே சொல். அதே மாதிரி ஒரு கூட்டத்துக்கு நடுவில். அதன் பிறகு அவர்கள் எடுத்த புடவை அரக்கா, மயில் கழுத்துப் பச்சையா என்று கேட்டால் எனக்கு இப்போதுகூட உறுதியாகச் சொல்லத் தெரியாது.

இந்த ‘ஆச்சு’ இருக்கிறதே, அது நம் பக்கத்து வியாதி. காலையில் எதிர்ப்படுகிறவர் "சாப்பாடு ஆச்சுங்களா?" என்று கேட்டால், பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவன்கூட "ஆச்சுங்க" என்றுதான் சொல்வான். இல்லை என்று சொல்வது மரியாதை இல்லையாம். உன் அப்பா எட்டுத் தையல் மிஷின் போட்டு நடத்துகிற பவர்டேபிளுக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார். கம்பெனிக்காரர் போன் பண்ணி "பீஸ் ஆச்சுங்களா?" என்பார். துணி இன்னும் கட்டிங்கே ஆகியிருக்காது. இவர் சற்றும் கூசாமல் "ஆச்சுங்க, மடிக்கறதுதானுங்க பாக்கி" என்பார். அந்தக் கம்பெனிக்காரர் வெளிநாட்டுக்காரனிடம் அதையே இங்கிலீஷில் சொல்வார். நீயும் அந்த வேலைதானே பார்க்கிறாய், மெர்ச்சன்டைசர் என்ற பெயரில். பத்தொன்பது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். பீஸ் கைக்கு வந்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தையல் பிரிந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, திருத்தித் தைக்க ஆல்ட்டருக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் என் நோட்டில் ஆச்சு. வாயால் சொல்கிற ஆச்சை நான் நம்பியதே இல்லை. ஆனால் நான் அப்படி மாறினதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாது.

உனக்குத் தெரிந்த கதை இதுதான்: நீ பிறந்தபோது உனக்கு மலத்துவாரம் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒழுங்காகப் பார்க்காமல் விட்டுவிட்டாள். மூன்றாம் நாள்தான் தெரிந்தது. கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்து காப்பாற்றினார். இன்றைக்கும் அந்தப் பழைய ஆஸ்பத்திரி வழியாக வண்டி போனால் உன் அப்பா "கண்ணு தெரியாத நர்ஸு" என்று முணுமுணுக்காமல் கடந்ததில்லை. நீயும் கேட்டு வளர்ந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து இருபத்தேழு வருடமாக அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். நீ செவ்வாய்க்கிழமை காலையில் பிறந்தாய். எனக்கு அப்போது இருபது வயது. ஒரே ஹாலில் ஒன்பது கட்டில், பிள்ளை பெற்ற ஒன்பது பேர். ஒரு நர்ஸ்தான் எல்லோருக்கும். நாகர்கோவில் பக்கத்துப் பெண், என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்திருப்பாள். மத்தியானம் வந்து கேட்டாள், "ஏம்மா, பிள்ளை வெளிக்குப் போச்சா?" என் கட்டிலைச் சுற்றி உறவுக்காரர்கள். உன் பெரியப்பா வாசலில் நிற்கிறார். மாமனார் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உன் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, தலைமாட்டில். அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து மலம், மூத்திரம் என்று பேச எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. இன்னும் போகவில்லை என்று சொன்னால், மற்ற எட்டுப் பிள்ளைகளும் போய்விட்டதே, உன் பிள்ளை மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்பார்களே. நான் தலையைக் குனிந்துகொண்டு "ஆச்சுங்க" என்றேன்.

அவள் போகவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அவள் கேட்டாள். "துணியைப் பிரிச்சுக் காட்டு பாப்போம்" என்றாள். நான் "இப்பத்தானுங்க மாத்தினேன், தூங்குதுங்க" என்றேன். சாயங்காலம் மறுபடி கேட்டாள். அப்போது துணியில் லேசாகப் பச்சையாக ஒரு கறை இருந்தது. இதுதான் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டு "ஆச்சுங்க, பச்சையாப் போச்சு" என்றேன். அது மூத்திரத்தோடு வந்த கறை. துணியின் முன்பக்கத்தில் இருந்தது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. தெரிந்துதான் சொன்னேன். மறுநாள் காலையிலும் கேட்டாள். மூன்றாவது தடவையாகவும் சொன்னேன். அவள் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அந்த ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்தில் இருந்தது என் பொய்.

குன்னத்தூரில் நம் வீடு வந்து சேர்ந்த அன்று உன் வயிறு வீங்க ஆரம்பித்தது. பால் குடித்தால் கக்கினாய். சாயங்காலத்துக்குள் கக்குவது பச்சை நிறமாகிவிட்டது. வியாழக்கிழமை விடிந்ததும் உன் பெரிய அத்தை வந்து பார்த்துவிட்டு, "மலம் கட்டிக்கிச்சாட்டம் இருக்குது. வெத்தலைக் காம்புல வெளக்கெண்ணெ தொட்டு வெச்சாப் போயிரும்" என்று சொல்லி, காம்பைக் கிள்ளி எடுத்துக்கொண்டு, உன்னை மடியில் குப்புறப் போட்டாள். அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைக்கும் செய்கிறதுதான். போட்டவள் அப்படியே இருந்தாள். காம்பு அவள் கையிலேயே இருந்தது. விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். "ஏம்புள்ள, வழியே இல்லியே" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நர்ஸு கேட்டப்ப போச்சுன்னயே?" நான் பதில் சொல்லவில்லை. அவளும் திருப்பிக் கேட்கவில்லை. சாகிறவரை அதைப்பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் புண்ணியவதிக்குத்தான் நீ வேட்டி சேலை எடுத்து வைத்துக் கும்பிட வேண்டும், எனக்கு இல்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரில் உன்னைப் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் போனோம். அந்த டாக்டர் ஒல்லியாக, கோபக்காரராக இருந்தார். உன் துணியைப் பிரித்த உடனே, "மூணு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? பிறந்தன்னைக்கே வந்திருந்தா வயிறு இப்படி ஆகியிருக்காதே. வெளிக்கிப் போச்சான்னு ஒருத்தருமா கேக்கலை?" என்று கத்தினார். உன் அப்பா முந்திக்கொண்டு, "நர்ஸு பாக்கவே இல்லைங்க" என்றார். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. உன்னை உள்ளே எடுத்துப் போனார்கள். உன் வயிறு அப்போது என் உள்ளங்கை அகலம்தான். அதற்குள் கத்தி வைக்கப் போகிறார்கள். மூன்று மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்தச் சாமிக்கும் வேண்டிக்கொள்ளவில்லை, வேண்டிக்கொள்ள எனக்கு முகம் இல்லை.

டாக்டர் வெளியே வந்து ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். குடல் கீழே வந்து முட்டுச் சந்து மாதிரி நின்றுவிட்டிருக்கிறது. இப்போதைக்கு வயிற்றின் இடப்பக்கம் குடலைத் திறந்து விட்டிருக்கிறேன், மலம் அந்த வழியாக வரும், ஒரு வயது நெருங்கும்போது கீழே வழி பண்ணுவோம், அது ஆறினதும் மேலே உள்ளதை மூடுவோம், மூன்று ஆபரேஷன், பையன் பிழைத்துக்கொள்வான், ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்கிறது நீங்கள்தான் என்றார். நன்றாகத்தான் பேசினார். பேசிவிட்டு என்னைத் தனியாகப் பார்த்து, "நீ பயந்துட்ட, இல்லியாம்மா?" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எத்தனை தாய்களைப் பார்த்திருப்பார்.

உன் அப்பா சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், ஹாலில் எல்லோர் முன்னாலும் அந்த நர்ஸை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார். "என்ற கொழந்தையக் கொல்லப் பாத்தியே" என்று கத்தியிருக்கிறார். அவள் ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டி, "அவங்கதான் சார் போச்சுன்னாங்க, மூணு தடவ கேட்டேன்" என்று அழுதிருக்கிறாள். இவர் நம்பவில்லை. பெற்றவள் பொய் சொல்வாளா? வீட்டுக்கு வந்து, "என்ன திமிரு பாரு, உன்ற மேல பழி போடறா" என்றார். நான் உன் வயிற்றுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். ‘இல்லீங்க, அவ சொல்றது நெசந்தானுங்க’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கொஞ்ச நாளில் அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு ஒரு தடவை விசாரித்துப் போனேன். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் பெயர்கூட எனக்கு ஞாபகம் இல்லை, சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த ஒன்றே கால் வருடம் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியாது. வயிற்றில் சிவப்பாக ஒரு வாய், அதற்கு நேரம் காலம் கிடையாது. சுற்றிலும் தோல் வெந்து போகும். எந்தத் துணி வைத்தாலும் உரசும். உன் அப்பா அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங்கில் இருந்தார். வெட்டி விழுகிற வெள்ளைத் துணித் துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பை நிறையக் கொண்டு வருவார். நான் வெந்நீரில் அலசி, மடித்து, நாடா வைத்துத் தைத்து, உன் இடுப்பில் கட்டிவிடுவேன். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து. கொடி முழுக்க அதுதான் காயும். கேட்கிறவர்களுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று சொன்னேன். மலமே போக வழியில்லாமல் பிறந்த பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு! பொய் சொல்லிப் பழகிவிட்டால் வாய் தானாக வேலை செய்கிறது.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகுதான் கஷ்டம். புது வழி மூடிக்கொள்ளாமல் இருக்க, வழவழவென்று ஒரு கம்பியைக் கொடுத்து, தினமும் எண்ணெய் தடவி நீங்களே வைத்து எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ வீறிட்டுக் கத்துவாய். உன் அப்பா செருப்பைக்கூடப் போடாமல் வீட்டை விட்டு வெளியே ஓடிவிடுவார். உன் இரண்டு காலையும் என் முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டு, நானும் அழுதுகொண்டு, அதைச் செய்வேன். செய்து முடித்ததும் நீ என்னிடமே வருவாய். வேறு யாரிடமும் போக மாட்டாய். என் மேல் இவ்வளவு வெறுப்பு வர வேண்டிய பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறதே என்று எனக்கு அழுகை இன்னும் கூடும். அத்தனையும் பட்டு உன்னை நிற்க வைத்தேன். இப்போது நீ என்னடாவென்றால் அப்பெண்டிக்ஸ் என்கிறாய்.

உனக்கு இப்படி ஒளிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் போகும் முதல் நாளே, "ஆருகிட்டயும் சொல்லாத கண்ணு, சட்டையத் தூக்கிக் காட்டாத" என்று சொல்லித்தான் அனுப்பினேன். கிணற்றில் மற்றப் பையன்கள் எல்லாம் அம்மணமாகக் குதிக்கும்போது நீ பனியனோடு குதிப்பாய். ஏழாவது படிக்கும்போது வகுப்பில் ஒரு தடவை உனக்குத் துணியிலேயே போய்விட்டதற்கு, வாத்தியாரிடம் பேதி மாத்திரை சாப்பிட்டான் என்று நானே போய்ச் சொன்னேன். அந்த வாத்தியாரிடம் நிஜத்தைச் சொல்லியிருந்தால், கேட்காமலேயே வெளியே போய்வர விட்டிருப்பார். அதற்கப்புறம் நீ மூன்று மாதம் காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனாய். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன்னைப் பட்டினி போட்டிருக்கிறேன். உன் அப்பா இப்போதும் அந்த வழிதான். "கல்யாணம் முடியட்டும், அப்பறம் மெதுவாச் சொல்லிக்கலாம். இப்ப எதுக்கு ஓரியாட்டமும் சண்டையும்?" என்கிறார். முடிந்த பிறகு சொன்னால் அதற்குப் பெயர் சொல்வது இல்லை. மாட்டிக்கொள்வது.

நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அவள் வேண்டாம் என்று போய்விடுவாள் என்று பயப்படுகிறாய். போகலாம். நான் பொய் சொல்ல மாட்டேன், போகவும் கூடும். மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, இன்னும் பதினெட்டு நாள் இருக்கும்போது கல்யாணம் நின்றால் ஊர் சிரிக்கும், உன் அப்பா ஒரு மாதம் வெளியே தலை காட்ட மாட்டார். எனக்கும் நெஞ்சு வெடித்துப் போகும், அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டியது வெறும் தழும்பு இல்லை. காலையில் உனக்கு முக்கால் மணி நேரம் பாத்ரூம் வேண்டும் என்பது தெரிய வேண்டும். தூரப் பயணம் என்றால் முந்தின நாளே நீ சாப்பாட்டைக் குறைத்துவிடுவாய், அது அவள் சமையல் பிடிக்காமல் இல்லை என்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவள் ஒவ்வொன்றுக்கும் தன் மேல்தான் குற்றம் என்று நினைப்பாள்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. கடைசியாக உன்னைக் காட்டப் போனபோது, உனக்குப் பத்து வயது, அந்த டாக்டருக்குத் தலை நரைத்துவிட்டது. நீ வெளியே தராசில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தாய். அவர் என்னிடம் சொன்னார், "இவனுக்கு நாளைக்குக் குழந்தை பிறந்தா, அநேகமா ஒண்ணும் இருக்காது, பயப்படாதீங்க. ஆனா பிறந்த உடனே துணியைப் பிரிச்சு ஒரு தடவை பாக்கச் சொல்லிருங்க. கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டாம். பாத்துத் தெரிஞ்சுக்கணும்." அதைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். அன்றிலிருந்து இதைச் சுமந்துகொண்டிருக்கிறேன். நாளைக்கு மேகலா ஒரு கட்டிலில் படுத்திருப்பாள். சுற்றிலும் நாம் எல்லோரும் நிற்போம். ஒரு நர்ஸ் வந்து கேட்பாள். களைத்துப்போய், கூச்சப்பட்டுக்கொண்டு, மாமனார் முன்னால் என்ன சொல்வது என்று தெரியாமல் அந்தப் பெண் என்ன சொல்லும் என்று உனக்குத் தெரியாதா? அவளும் நம் பக்கத்துப் பெண்தானே. எதற்காகப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால்தான் பார்ப்பாள். அதை அவளிடமிருந்து ஒளிக்க உனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன். உன் உடம்பு, நீ சொல்ல வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை அவளை அவள் வீட்டிலேயே போய்ப் பார். போனில் சொல்லாதே. அவள் அம்மா காபி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போன பிறகு சொல். அப்பெண்டிக்ஸ் பொய் என்பதை முதலில் சொல். கடையில் நானும் சேர்ந்து பொய் சொன்னேன் என்பதையும், அன்று நர்ஸிடம் நான் சொன்ன பொய்யையும் சொல், எனக்காகப் பூசி மெழுக வேண்டாம். இந்த அழைப்பிதழ்க் கட்டுக்குள், பத்திரிகைகளுக்கு அடியில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். நாடா வைத்துத் தைத்த பனியன் துணி ஒன்று. எல்லாவற்றையும் எரித்தபோது ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். உனக்குப் பேச்சு வராவிட்டால் அதை அவள் கையில் கொடு. லேப்பில் இருக்கிறவள், புரிந்துகொள்வாள்.

உன் அப்பாவிடம் நான் இன்று சாயங்காலம் சொல்லிவிடுவேன், அந்த நர்ஸ் பொய் சொல்லவில்லை என்று. என்ன கத்துவாரோ தெரியாது, கத்தட்டும்.

இனி, நீ முழுவதும் படித்தாயா, சொன்னாயா என்று எனக்கு எப்படித் தெரியும் என்பது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ எனக்குப் போன் பண்ணாதே. பண்ணி "ஆச்சும்மா" என்று சொன்னால் நான் போனை வைத்துவிடுவேன். செக்கிங்கில் நின்றவள், வாயால் சொல்கிற ஆச்சு எனக்கு வேண்டாம். கல்யாணம் வேண்டாம் என்றாலும் சரி, வேண்டும் என்றாலும் சரி, மேகலாவை ஒரே ஒரு தடவை கூப்பிடச் சொல். அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். "ஏனுங்க அத்தை, அன்னைக்கு ஆஸ்பத்திரியில எதுக்குங்க ஆச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்கட்டும். கேட்டால் நீ சொல்லிவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன்.

நான் போன் பக்கத்திலேயே இருப்பேன். இருபத்தேழு வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் யாரிடமும் பதில் சொன்னதில்லை.

உன் அம்மா